உபயம்: தாணுமாலையன்

பிஞ்சுப் புடலங்காயின் நுனியில் கல்லைக் கட்டிக்கொண்டே தாணுமாலையன் அண்ணாச்சி அதனிடம் பேசுகிறார்.

"நேரா இறங்கும் வே. சுவர்ப்பக்கம் என்னத்துக்குச் சாயுதீரு? அங்கன உமக்கு என்ன சோலி?"

கல் ஆற்றில் பொறுக்கியது. கட்டுவது வாழைநார். சணலில் கட்டினால் பிஞ்சின் கழுத்து அறுந்துவிடும் என்பார். காய்க்கு ஒரு கல் தொங்குவதால் பந்தலுக்குக் கீழே குனிந்துதான் போக வேண்டும். நிமிர்ந்தால் மண்டையில் ஒன்று விழும். விழுந்தவர்களிடம் வருத்தம் சொல்ல மாட்டார். "ஏலே, காயி ஆடுதுல்லா, கண்ணு இல்லியா?" என்று அடிபட்டவரையே வைவார்.

செடிகொடிகளிடம் மட்டும் அவருக்கு மரியாதை உண்டு. பாகற்கொடி 'நீரு'. கத்தரிச்செடி 'நீரு'. கொய்யா மரம் அவர் அப்பா வைத்தது என்பதால் 'நீங்க'. தெருவில் போகிற மனிதர்கள்தான் 'ஏலே'. அந்த 'ஏலே' சாதாரணமாக வராது. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் டவாலி. வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று, வழக்குக்காரர் பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். அவர் முதல் தடவை கூப்பிட்டதுமே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த சாட்சி தம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வருவானாம். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லை. அணிலை விரட்டவும் காக்காயை விரட்டவும் வைத்துக்கொண்டார்.

தோட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண், குளியலறை மேல் ஓர் ஓட்டுச் சாய்ப்பு, மாடியில் கிழிந்த சிமெண்டுச் சாக்குகள். அவ்வளவுதான். அவர் தாத்தா காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது. அப்பா காலத்தில் வயல் போய், மகனுக்குப் பின்கட்டு மிஞ்சியது. அந்த இடத்துக்குள் புடலை, பாகல், சீனி அவரை, வெள்ளைக் கத்தரி, சாய்ப்பில் தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணி, சாக்குகளில் சிறுகிழங்கு என்று அடைத்துவைத்திருப்பார். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் மூன்று கோடும் அழியாமல், ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். பூச்சி இருந்தால் கொல்ல மாட்டார். இலையோடு கிள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் முடுக்கில், அதாவது பின்சந்தில், எறிவார். அது பக்கத்து வீட்டுச் சிவகணேஷ் சாருடைய முருங்கையில் ஏறுவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

எனக்கு எப்படி இவ்வளவும் தெரியும் என்றால், நான் மீன் விற்கிறவன். விடியக்காலம் தூத்துக்குடி வண்டியில் வருகிற மீனை எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவேன். நந்தவனத் தெரு முழுக்கச் சைவக்காரர்கள். அங்கே எனக்கு ஒரு வாடிக்கை கிடையாது. ஆனால் அந்தத் தெருப் பின்முடுக்கு வழியாகப் போனால்தான் கால்வாயை ஒட்டிய லைன் வீடுகளுக்குச் சட்டென்று போய்ச் சேரலாம். என் வாடிக்கை எல்லாம் அங்கேதான். ஆகவே தினமும் அந்த முடுக்கில் ஹார்ன் அடிக்காமல், கூவாமல், திருடன் மாதிரி பைய உருட்டிக்கொண்டு போவேன். தெருக்காரர்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

ஒருநாள் பின்வாசல் கதவு திறந்து, அண்ணாச்சி தலையை மட்டும் நீட்டினார். அன்றைக்குச் செடிகளைப் போல எனக்கும் 'நீரு' கிடைத்தது.

"டெனிசு, இங்கன வாரும். உம்ம மீனுக் கழிவையெல்லாம் என்ன செய்யுதீரு?"

"பூனைக்குப் போடுவேன் அண்ணாச்சி. மிச்சத்தைக் குழி தோண்டிப் பொதைச்சிருவேன்."

முடுக்கின் இரண்டு பக்கமும் பார்த்தார். "எனக்குத் தாரும்."

"உங்களுக்கா?"

"எனக்கு என்னத்துக்கு வே? செடிக்கு."

எங்கேயோ ஒரு விவசாயக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். மீன் கழிவும் வெல்லமும் சரிக்குச் சரி போட்டு, டிரம்மில் மூடி நிழலில் வைத்தால், கொஞ்ச நாளில் தேன் மாதிரித் தைலம் இறங்கும். அதில் ஒரு மூடி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தெளித்தால் பூ ஒன்றுகூடக் கொட்டாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கேட்டுவிட்டு வந்த மனிதர் பல நாள் தூங்கவில்லையாம். பரம்பரையாக மீன் வாடை படாத வீடு. ஆனால் அந்த வருசம் புடலை பூத்துப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆசை ஜெயித்துவிட்டது.

அடுத்த நாள் சாளைத் தலையும் குடலும் ஒரு வாளி கொண்டுபோனேன். எட்டிப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தலை பெருசு பெருசாக் கெடக்கே. கொஞ்சம் பொடிசா..." என்று இழுத்தார்.

"வெட்டித் தரணுமா?"

"வெட்டுன்னு சொல்லாதீரும் வே. எங்க வீட்டுல கத்தரிக்காயைக்கூட வெட்டுன்னு சொல்ல மாட்டாக. திருத்துன்னுதான் சொல்லணும். வெட்டுங்குறது உசுருள்ளதுக்கு உள்ள வார்த்தை."

"அப்பம் இந்தச் சாளைத் தலையை என்ன செய்யணும் அண்ணாச்சி?"

முடுக்கின் இரண்டு பக்கமும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். "பொடிசாத் திருத்திக் குடும்" என்றார்.

இதை லைன் வீட்டில் சொன்னேன். தப்பு என்னுடையதுதான். பேரைச் சொல்லாமல்தான் சொன்னேன். ஆனாலும் அன்று முதல் சாலோமியக்கா என் பலகைக்கு முன்னால் வந்து நின்றால், "விளமீனு அரைக்கிலோ, நல்லாத் திருத்தித் தாரும் வே" என்றுதான் கேட்பாள். சுற்றி நிற்கிற பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

கழிவுக்குப் பதிலாக அவர் காய் தருவார். வாளிக்கு மேல் வாழையிலை பரப்பி, அதற்கு மேல் நாலு முருங்கைக்கீரைக் கொத்து வைத்துக்கொண்டு நான் போனால்தான் கதவைத் திறப்பார். யாராவது பார்த்தால் கீரை வாங்குகிற மாதிரி இருக்கும். நான் கீரை விற்கிறவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டு வெள்ளைக் கத்தரிக்காயை என் மனைவி டெல்பின் நெத்திலிக் குழம்பில் போடுவாள். "இந்தக் கத்தரிக்காய் மீனோட என்னமா ஒட்டுது!" என்று ஆச்சரியப்படுவாள். ஒட்டாமல் என்ன செய்யும்?

காய்ப்பு கூடியது. கூடினதுதான் வினையானது. தெருக் கோடியில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் மாதாமாதம் சதுர்த்திக்கு அன்னதானம் உண்டு. தெரு நலச் சங்கத்துச் செயலாளர் சிவகணேஷ் சார்தான் அதை நடத்துகிறவர். ஏதோ ஆபீசில் மேனேஜர். நாற்பது தாண்டியவர். எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்கிற ஆள். அண்ணாச்சி வீட்டுத் தடியங்காயைப் பார்த்ததும் இனிமேல் கோயிலுக்குக் கடைக் காய் கிடையாது என்று அறிவித்துவிட்டார். பந்திக்குப் பந்தி நின்று சொல்லுவார்: "சாப்பிடுங்க, சாப்பிடுங்க. சந்தையில வாங்குன காயின்னா கண்ட கண்ட மருந்து அடிச்சிருப்பான். இது நம்ம அண்ணாச்சி தோட்டத்துக் காயி. சாணியும் சாம்பலுந்தான். சுத்தச் சைவக் காயி!"

அண்ணாச்சி அப்போது இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வாராம். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அவர் பாடு திண்டாட்டமானது. காயை இனிமேல் தர முடியாது என்றும் சொல்ல முடியவில்லை. தைலத்தை நிறுத்தவும் மனசு வரவில்லை. அதனால் டிரம்மின் மூடியை இறுக்கினார். அந்தத் தைலம் புளிக்கிற பண்டம். இடையிடையே மூடியைத் திறந்து மூச்சு விடவைக்க வேண்டும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் திறந்தால் வாடை வரும். வாடை வந்தால் தெருவுக்குத் தெரியும். ஆகவே மூடிக்கு மேல் பாலிதீன் காகிதம் சுற்றி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து வரிந்து, அதற்கு மேல் கட்டுக்கம்பியும் போட்டு முறுக்கினார்.

"இது நல்லதுக்கில்ல அண்ணாச்சி. ஒரு நேரம் போல இருக்காது" என்றேன்.

"நீரு உம்ம சோலியைப் பாரும் வே" என்றார்.

விநாயகர் சதுர்த்தி அன்று காலை, நான் முடுக்கில் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறேன். கோயிலில் மைக்செட் பாடுகிறது. டமார் என்று ஒரு சத்தம். வேட்டுதான் போடுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி சுவருக்கு மேலே காப்பிக் கலரில் என்னமோ எழும்பி, முடுக்கு முழுக்கச் சிதறியது. என் பெட்டி மேல், எதிர்ச் சுவர் மேல், கொடியில் காய்ந்த துணி மேல் எல்லாம் குடலும் செதிலும். பாதி புளித்தும் புளியாமலும் இருந்த சரக்கு. அந்த வாடையை நான் எழுத மாட்டேன். மீன்காரனாகிய எனக்கே குமட்டியது.

பட்டுவேட்டியும் வெறும் மேலுமாகச் சிவகணேஷ் சார் ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி பிருந்தா, மூக்கில் முந்தானை. தெருவே வந்துவிட்டது. நடுவில் மீன்பெட்டியோடு நான்.

"ஏம்வே! கோயில் நாளும் அதுவுமா இங்கன கொண்டாந்து கொட்டுதீரே, நீரு மனுசந்தானா?"

"நான் கொட்டலை சார்."

"பொறவு? வானத்துலேருந்து பெஞ்சுச்சோ?"

"போனாப் போகுதுன்னு விட்டது தப்பாப் போச்சு" என்றார் ஒருவர். "எடத்தைக் குடுத்தோம்லா, அதான்" என்றார் இன்னொருவர்.

அப்போது பின்வாசல் திறந்தது. அண்ணாச்சி வந்தார். குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குக் கிளம்பி நின்றிருப்பார் போல. சத்தம் கேட்டு ஓடிப்போய் டிரம்மைப் பார்த்துவிட்டு, அவசரமாக மேலைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் இடது காதுக்குப் பின்னால் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல வெயில். கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னியது. எதிரே நின்ற எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் கண் என்மேல் இருந்தது.

"பாத்தீரா அண்ணாச்சி, இவரு செஞ்ச வேலையை? உம்ம வீட்டுச் செவத்துலயே கொட்டியிருக்காரு. நீரே சொல்லும், என்ன செய்யலாம்?" என்றார் சிவகணேஷ் சார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கோர்ட்டு வராந்தாவில் ஊரைக் கூப்பிட்ட வாய். அதிலிருந்து கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

"தண்ணி ஊத்திக் கழுவிரலாம்."

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருப்பேன். மீன்காரன் ஒன்று சொல்லி, அண்ணாச்சி அதை இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்தத் தெருவில் எவன் பேச்சு நிற்கும்? அதுகூடப் பெரிதில்லை. இல்லை என்று அவர் சொல்லிவிடுவாரோ என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் உண்மையைச் சொல்லாமல் நின்றதோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கழுவ வேண்டியது நான் என்று தீர்ப்பானது. எல்லாரும் கோயிலுக்குத் திரும்பிப் போனார்கள். அண்ணாச்சி போகவில்லை. உள்ளே போய்க் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். நான் விளக்குமாற்றால் தள்ளினேன். "டெனிசு" என்று ஒரு தடவை ஆரம்பித்தார். "தண்ணியை ஊத்துங்க அண்ணாச்சி" என்றேன். ஊற்றினார். காதிலிருந்த செதிலைப் பற்றி நான் சொல்லவில்லை.

சங்கம் கூடி முடிவெடுத்தது. தெரு முனையில் மோட்டார் ரூம் ஒன்று உண்டு. அதன் சுவரில் வெள்ளையடித்து, நீலப் பெயிண்டில் பெரிய எழுத்தாக எழுதிவிட்டார்கள்: 'மீன், கருவாடு விற்பவர்கள் இத்தெருவுக்குள்ளும் பின்முடுக்கிலும் வரக் கூடாது.' நம் ஊரில் சுவரில் ஒன்று எழுதினால் கீழே உபயம் என்று ஒரு பேர் இல்லாமல் முடியாது. சிவகணேஷ் சார் யோசித்திருக்கிறார். அசிங்கம் நடந்தது யார் வீட்டுச் சுவரில்? பாதிக்கப்பட்டவர் யார்? அவருக்கு ஒரு கௌரவம் செய்ய வேண்டாமா? செலவெல்லாம் சங்கத்துடையது. ஆனால் கீழே சிவப்பில் எழுதச் சொல்லிவிட்டார்: 'உபயம்: தாணுமாலையன்.'

அண்ணாச்சியிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் பால் வாங்கப் போனவர் பார்த்திருக்கிறார். பால் வாங்காமல் திரும்பி வந்துவிட்டாராம்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சுவருக்குக் கீழேதான் கடை போட்டேன். வேறு எங்கே போக? ரோட்டைச் சுற்றிக் கால்வாய்ப் பாலம் ஏறி லைன் வீட்டுக்குப் போனால், பெண்களெல்லாம் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். "நீரு வாரதுக்குள்ள அடுப்பே அணைஞ்சிருது வே, நாங்க என்ன செய்ய?" என்றாள் சாலோமியக்கா. அவளைக் குறை சொல்ல முடியாது. வெயில் ஏறினால் ஐஸ் கரையும். மீன் மிஞ்சும். மிஞ்சின மீனைக் கொண்டுபோய் டெல்பின் முன்னால் வைக்கிறபோது அவள் எதுவும் கேட்க மாட்டாள். உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருவாள், கருவாடு போட.

எதிரே டீக்கடை வைத்திருக்கிற அசன் மைதீன் அந்தச் சுவரைத் தினமும் உரக்க வாசிப்பார். "உபயம்னு கோயில் மணியில பாத்திருக்கேன், பெஞ்சுல பாத்திருக்கேன். மீனுக்காரனைத் தொரத்துறதுக்கும் ஒரு உபயமா வே?" டீ குடிக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அந்தப் பக்கம் அண்ணாச்சி வருவதே இல்லை. கடைக்குப் போவதென்றால் நாலு தெரு சுற்றிப் போனார். வரவேண்டி வந்தாலும், வெயில் மழை இரண்டும் இல்லாதபோதும் குடையை விரித்து, முகத்துப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவார். 'ஏலே' என்கிற சத்தம் அந்தத் தெருவில் நின்றுபோய்விட்டது. அணில்கள் கொய்யாவைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தெருவில் போட்டன.

அவர் மனைவி கோமு அம்மாள் மட்டும் ஒரு காலையில் நேராக என் கடைக்குப் பக்கத்துக் காய்கறி வண்டிக்கு வந்தாள். கத்தரிக்காய் வாங்கினாள். வீட்டில் கத்தரி காய்த்துக் குலுங்குகிறபோது! நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அவுக தோட்டத்துக் காயை அவுகளே தொட மாட்டேங்காக. பறிச்சுப் பறிச்சு வாசல்ல வச்சிருதாக. மாடு திங்குது. சோத்துல மோரை ஊத்திக்கிட்டு எந்திரிச்சிருதாக."

"உடம்புக்கு எதுவும் முடியலியா அம்மா?"

"உடம்புக்கு என்ன? நேத்து சிவகணேசு வந்து, சதுர்த்திக்குத் தடியங்காய் வேணும்னு கேக்கான். பூச்சி விழுந்துட்டுன்னு இவுக சொல்லுதாக. சாய்ப்பு மேல நாலு காயி சாம்பல் பூத்து மினுமினுன்னு கெடக்கு. அவன் அதைப் பாக்கான், இவுக தரையைப் பாக்காக. எனக்குத்தான் எங்கன போய் ஒளியன்னு இருந்துச்சு."

கத்தரிக்காய்ப் பையின் வாயை முடிந்தாள்.

"எனக்கு மூக்கு இல்லைன்னு நெனைச்சாகளாக்கும். மொத நாளே தெரியும் எனக்கு. சின்னப்புள்ளை மாதிரி ஆசைப்படுதாகளேன்னு விட்டேன். மீனு வந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கு நீரு வெளக்குமாத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னீரு பாரும், அதை ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ராத்திரி சொல்லிட்டேன். இனும இந்தத் தோட்டத்துக் காயை நான் திருத்த மாட்டேன்னுட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வீட்டில் என்ன நடந்தது, எவ்வளவு நாள் பேச்சு இல்லாமல் இருந்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு திங்கட்கிழமை. ஆபீசு போகிற கூட்டம் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். சிவகணேஷ் சார் கையில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறார். நான் பலகையில் பாறை மீனை அறுத்துக்கொண்டிருக்கிறேன். தெருவுக்குள்ளிருந்து அண்ணாச்சி வந்தார். குடை இல்லை. ஒரு கையில் வாளி, ஒரு கையில் பனைநார் மட்டை. வாளியில் சுண்ணாம்பு. கொய்யா மரத்துக்குக் கறையான் ஏறாமல் அடியில் பூசுவதற்குக் கரைப்பாரே, அதே சுண்ணாம்பு. என்னைத் தாண்டி, சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, காலையிலயே?" சிவகணேஷ் சார் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். "பேரைச் சின்னதாப் போட்டுட்டான்னு கோவமா? பெருசா எழுதச் சொல்லிருதேன், நீரு விடும்."

அண்ணாச்சி மட்டையை வாளியில் முக்கினார். கை எட்டாததால் என் ஐஸ்பெட்டியைக் காட்டி, ஏறட்டுமா என்பது மாதிரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மீன்பெட்டி மேல் ஏறினார். மேல்வரியில், 'மீன்' என்கிற எழுத்தின் மேல் முதல் இழுப்பு இழுத்தார்.

"ஏ, ஏ, என்ன செய்யுதீரு? சங்கத்துச் செவரு அது!"

அண்ணாச்சி என்னமோ சொன்னார்.

"என்னது? கேக்கலை, சத்தமாச் சொல்லும்."

"வீச்சம் எங்க வீட்டுது."

"என்ன வீச்சம்?"

"அன்னைக்கு வந்த வீச்சம். டிரம்மு என்னுது. நாந்தான் வாங்கி வச்சிருந்தேன். அவரு கொட்டலை."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அசன் மைதீன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். சிவகணேஷ் சாருக்கு உடனே விளங்கவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது.

"நீரு... மீனை... என்னத்துக்கு வே?"

"செடிக்கு."

"எந்தச் செடிக்கு?"

"எல்லாத்துக்குந்தான்."

"அப்பம் கோயிலுக்கு வந்த தடியங்காயி?"

"அதுக்குந்தான்."

"நான் தின்னுருக்கேன் வே! பந்தியில நின்னு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் போட்டுருக்கேன்!" அவர் குரல் கிறீச்சிட்டது. யாரோ சிரித்துவிட்டார்கள். அது அவரை இன்னும் சுட்டிருக்க வேண்டும். "உம்மை நம்பித்தான போட்டேன்? அன்னைக்கு நாக்கு எங்க போச்சு உமக்கு?"

அண்ணாச்சி காது மடல் வரை சிவந்துபோய், சுவரைப் பார்த்தபடியே மட்டையை இழுத்தார். 'கருவாடு' போனது. 'பின்முடுக்கிலும்' போனது. 'வரக் கூடாது' போனது. பஸ் வந்தது. ஏற வேண்டிய பாதிப் பேர் ஏறவில்லை.

"அந்தப் பேரையும் சேத்து அழிச்சிட்டுப் போரும்" என்றார் சிவகணேஷ் சார். "இனும அது எதுக்கு அங்கன?"

அண்ணாச்சி பெட்டியிலிருந்து இறங்கினார். மேலே முழுக்க ஈர வெள்ளை. கீழே அந்தச் சிவப்பு எழுத்து மட்டும் நின்றது. மட்டையை வாளியில் போட்டார். பூசின சுண்ணாம்பு ஒரு கோடாக வடிந்து வந்து, அவர் பேரின் நடுவில் இறங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, எழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி அதைத் துடைத்துவிட்டார்.